உப்பில்லாத தண்ணீர்

சரவணை என்ற எங்கள் தீவுக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தால் அம்மா மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் பிறகுதான் விசாரிப்பார். முதலில் கேட்பது, "அவையின்ர கிணத்துத் தண்ணி எப்பிடி?" என்றுதான். உப்பு என்று பதில் வந்தால் அந்தச் சம்பந்தம் பாதி முறிந்த மாதிரி. பட்டணத்து ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுற்றிவரக் கடலும் உள்ளே உவர்க்கிணறுகளுமாக ஒரு கோடைகாலம் இருந்து பார்த்தால் அவர்களுக்கும் சிரிப்பு வராது. எங்களுக்குத் தண்ணீரில் இரண்டே வகை. உப்புள்ளது, உப்பில்லாதது. உப்பில்லாததை நல்ல தண்ணீர் என்போம். அதற்கு மேல் அதில் விசாரிக்க ஏதாவது இருக்கும் என்று நானும் வெகுகாலம் நினைத்ததில்லை.

பிறகு பட்டணத்தில் பல்கலைக்கழகம் போய் நிலத்தடி நீரைப் பற்றியே படித்து, அங்கேயே ஆய்வு வேலையிலும் சேர்ந்தேன். கிணறு கிணறாகத் திரிந்து போத்தலில் தண்ணீர் பிடித்து, ஐஸ் போட்ட, சூடு ஏறாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சோதிப்பதுதான் வேலை. "இவ்வளவு படிச்சும் தண்ணி அள்ளத்தான் போறாய்" என்று அம்மா கேலி செய்வார். உண்மைதான்.

பக்கத்துத் தீவான புங்குடுதீவில் மடத்துவெளியையும் தாண்டிப் போனால் ஒரு சிறிய குறிச்சி வரும். பேரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே ஒரு காலத்தில் சுண்ணக்கல் வெட்டி எடுத்த பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. போர் முடிந்து சனம் திரும்பி வந்தபோது இடிந்த வீடுகளைத் துப்புரவாக்கினார்கள். உடைந்த கூரைச் சீற்று, துருப்பிடித்த தகரம், பெயின்ற் பேணிகள், மின்சாரம் இல்லாத காலத்தில் லைற் எரித்துத் தேய்ந்துபோன பற்றரிகள், எல்லாம் பள்ளத்துக்குள் போயின. பிறகு கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர்களின் குப்பையும் சேர்ந்தது. எரித்தால் புகை வருகிறது என்று பக்கத்து வீட்டார் சண்டை பிடித்ததால், எரிக்காமல் மண்ணுக்குள் புதைத்துத் தாட்டார்கள். பள்ளம் நிரம்பியதும் செம்மண் பரப்பி மூடி, மேலே பனங்கொட்டை நட்டு, நின்று படம் எடுத்து முகநூலிலும் போட்டார்கள். அவர்களை நான் எப்படித் திட்டுவது? ஊர் துப்புரவாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே பாடுபட்டவர்கள் அவர்கள்.

மூடிய குப்பை நிலத்தடி நீருக்கு என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் எங்கள் பேராசிரியர் என்னை அங்கே அனுப்பினார். தீவின் அடியில் கடல்நீர் நிற்கிறது. அதன் மேலே மழைநீர், காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி, மெல்லிசாகப் படிந்து மிதக்கிறது. நாங்கள் குடிப்பது அந்த ஆடையைத்தான். மேல்மண்ணுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஓட்டையும் வெடிப்புமான சுண்ணக்கல். அது எதையும் வடிகட்டாது. மேலே போட்டது ஒரு மழையோடு கீழே போய்ச் சேரும்.

பள்ளத்துக்குக் கிட்ட ஒரு அக்காவின் வளவு இருந்தது. அந்தக் குறிச்சி முழுவதிலும் உப்பில்லாத கிணறு அந்த வளவில்தான். இந்தியாவில் அகதி முகாமில் இருந்தபோது கணவர் காலமாகிவிட, ஒரே மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிணற்றை நம்பித் திரும்பி வந்தவர் அவர். கத்தரியும் மிளகாயும் வைத்துச் சீவித்தார். காலையும் பின்னேரமும் ஊர்ப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். வந்தவர்களிடம் ஊர்ப்புதினம் கேட்டு, சுகம் விசாரித்து, பிள்ளைகளை அதட்டி, அக்கா அந்தக் கிணற்றடியில் ஒரு ராணி மாதிரித்தான் இருந்தார். மகள் கலியாணம் கட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டாள். நான் முதன்முதல் அங்கே போனபோது அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில்.

"பிள்ளைப்பெறுக்கு இஞ்சதான் வருவாள்" என்றார் அக்கா, எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டபடி. "மாமியார் வீட்டுத் தண்ணி சரியான உப்பு. அதுக்குள்ள எப்பிடிப் பிள்ளையை வளர்க்கிறது? நான் எண்டால் இந்தத் தண்ணியில வார்த்து, இந்தத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, நிமித்தி எடுத்திடுவன். நீங்கள் குடிச்சுப் பாருங்கோவன்."

செம்பில் அள்ளித் தந்தார். நானும் தீவாள்தானே. ஒரே மூச்சில் குடித்தேன். வைகாசி வெயிலில் அலைந்து வந்த தொண்டைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. இளநீர் தோற்றது போங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அன்றைக்கே என்னை 'நீங்கள்' என்பதிலிருந்து, நெருக்கமானவர்களை அழைக்கிற 'நீர்' என்பதற்கு இறக்கிவிட்டார்.

ஆடி மாதம் சோதனை முடிவு வந்தது. பேராசிரியர் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். சுற்றியிருந்த உவர்க்கிணறுகளில் உப்பைத் தவிரக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்காவின் கிணற்றில் ஈயம், குடிக்கக்கூடிய எல்லையைத் தாண்டி இருந்தது. பிழையாக இருக்கும் என்று நினைத்தேன், பிழையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். திரும்பப் போய் வேறு போத்தலில் பிடித்துவந்து சோதித்தோம். அதே முடிவுதான்.

"பள்ளத்தைத் தோண்டி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுவம், சேர்" என்றேன்.

"எடுத்து எங்க கொண்டுபோறது?" என்று கேட்டார் பேராசிரியர். "தீவில எங்க வெட்டினாலும் கல்லும் தண்ணியும்தான். பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தால் இஞ்ச ஆர் வாங்கப்போகினம்? நீர் சொல்லும், எழுதுவம்."

எனக்கு ஓர் இடமும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

அக்காவிடம் சொல்வது என் பொறுப்பாயிற்று. போகிற வழியெல்லாம் வசனங்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் ஒன்றும் உதவவில்லை.

"அக்கா, கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாது."

"என்ன, உப்புக் கட்டிட்டுதோ? காலமைதானே குடிச்சனான்."

"உப்பில்லை. ஈயம். பற்றரிக்குள்ள இருக்கிறது. பள்ளத்துக்குள்ள தாட்டதெல்லாம் ஊறி வருகுது."

"மணக்குதோ?"

"மணக்காது."

"நிறம் மாறினதோ?"

"மாறாது."

"அப்ப நீர் எப்பிடிக் கண்டனீர்?"

"மெசினில வைச்சுத்தான் அக்கா."

அவர் சிரித்தார். என்னைக் கேலி செய்யவில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்தது அவருக்கு. "என்ர வாய்க்குப் பிடிபடாதது உம்மட மெசினுக்குப் பிடிபட்டிட்டுதாக்கும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் இயல்பிலேயே பொறுமைசாலி அல்ல. "பிறக்கப்போற பிள்ளைக்கு மூளை வளராது அக்கா, விளங்குதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். "இது இல்லாட்டி நான் இஞ்ச ஏன் இருக்கிறன்?" என்று கேட்டார். பிறகு அவரே முகம் தெளிந்து எழுந்தார். "சரி, அதுக்கென்ன? ஒருக்காக் கலக்கி இறைச்சால் சரிதானே."

எங்கள் பக்கத்தில் கிணற்றுக்கு எந்த வருத்தம் வந்தாலும் வைத்தியம் இது ஒன்றுதான். பூனை விழுந்தாலும் இலை விழுந்து அழுகினாலும் வெள்ளம் உள்ளே போனாலும் கிணற்றைக் கலக்கி, அடிவரைக்கும் இறைத்து, சேற்றை அள்ளி வெளியே போட்டால் ஊறி வருவது புதுத் தண்ணீர். பரம்பரை பரம்பரையாகப் பலித்த வைத்தியம். பூனைக்குப் பலிக்கும். இதற்குப் பலிக்காது.

"ஐயோ அக்கா, அது மட்டும் செய்யாதேங்கோ. பழுது கிணத்துக்குள்ள இல்லை, பள்ளத்துக்குள்ள. நீங்கள் இஞ்ச இறைக்க இறைக்க அங்கத்தையத் தண்ணிதான் இழுபட்டு வரும். கீழ நிக்கிற உப்பும் மேல ஏறும்."

"ஓம், ஓம்" என்றார்.

நாங்கள் ஓம் என்றால், நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். தீவில் பிறந்த எனக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த ஓமை நம்ப விரும்பினேன்.

ஆவணியில் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து ஊருக்கும் சொன்னோம். திருவிழாக் காலம், நல்ல சனம். பேராசிரியர் படங்கள் போட்டு விளங்கப்படுத்தினார். இறைக்க வேண்டாம் என்று நான் எழுந்து மறுபடியும் சொன்னேன். பிரான்சில் வெகுகாலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து தங்கிவிட்ட ஒரு அண்ணைதான் அங்கே எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர். பனங்கொட்டை நடுவித்தவரும் அவர்தான். அவர் கண் கலங்கிப்போனார்.

"மிஸ், நாங்கள்தானே தாட்டனாங்கள். நாங்களே இதுக்கு ஒரு வழி பாப்பம்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆய்வு முடிவைக் கேட்டுவிட்டு எங்களையே திட்டி அனுப்பிய ஊர்களும் உண்டு. குடிநீர்த் தாங்கி பூட்டிய பவுசர் லொறி அனுப்ப ஏற்பாடு செய்வதாகக் கூட்டத்தில் முடிவானது. அதுவும் வந்தது. திருப்தியாகத் திரும்பினேன்.

கொஞ்ச நாளில் அண்ணை என் கைத்தொலைபேசிக்குப் படங்கள் அனுப்பினார். கிணற்றைச் சுற்றி ஊரே நிற்கிறது. இரண்டு இறைப்பு மெசின். வாழைக்குலை, கற்பூரம், உடைத்த தேங்காய், ஒரு பக்கத்தில் பொங்கல் பானை. கீழே ஒரு குரல் பதிவு: "மிஸ், விடிய வெள்ளனத் துவங்கினது. அடிவரைக்கும் இறைச்சுப்போட்டுத்தான் விடுவம். நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பண்ணைப் பாலத்தில் எதிர்காற்று. வேலணையைக் கடந்து புங்குடுதீவுப் பாலத்தில் ஏறும்போது வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனேன். அண்ணையை, ஊரை, பேராசிரியரை, என்னை. நான் போய்ச் சேர்ந்தபோது மெசின்கள் இன்னும் இறைத்துக்கொண்டுதான் இருந்தன. ஊறுவதும் இறைப்பதுமாக அது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. "நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணை கையைக் காட்டி, வாங்கோ மிஸ், பொங்கல் சாப்பிடுங்கோ என்றார்.

கடைசியில் மெசினை நிறுத்தினார்கள். புதுத் தண்ணீர் ஊறட்டும் என்று காத்திருந்தோம். ஊறியது. பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. முதல் வாளியை அக்காவிடம்தான் கொடுத்தார்கள். அவர் ஈரச் சேலையோடு, வாய் நிறையச் சிரிப்போடு, ஒரு மிடறு குடித்தார். குடித்ததைத் துப்பினார்.

ஒவ்வொருவராக வந்து கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். அண்ணை மட்டும் திரும்பத் திரும்ப நக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல் அப்படியே ஏறி வந்திருந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. கூட்டம் வைத்தும் படம் காட்டியும் என்னால் செய்ய முடியாததை உப்பு ஒரு மிடறில் செய்துவிட்டது. இனி இந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கப் போவதில்லை. புரட்டாதி முழுக்க அப்படித்தான் போனது. பவுசர் வந்தது, சனம் பிளாஸ்ரிக் கான்களோடு நின்று பிடித்தது. செத்த தண்ணி, சப்பென்று இருக்கு என்று முறைப்பாடு செய்துகொண்டே குடித்தார்கள். சில வீடுகளில் அதில் உடுப்புத் தோய்த்தார்கள், சவுக்காரம் நன்றாக நுரைக்கிறதாம்.

அக்காவின் வளவுக்கு யாரும் வருவதில்லை. கத்தரிச் செடிகள் உப்புத் தண்ணீரில் கருகிவிட்டன. நான் போனால் வாரும் என்பார், கதிரையைப் போடுவார், அதோடு கதை முடிந்துவிடும். மகளை வர வேண்டாம், மாமியார் வீட்டிலேயே நில் என்று சொல்லிவிட்டாராம்.

"நல்லதுதானே அக்கா. பிள்ளைக்கு அதுதான் நல்லது" என்றேன்.

"உமக்கு நல்லதுதான்" என்றார் அவர்.

அது சுட்டது. அந்தக் கிணறு உப்பாகவே இருந்துவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மாரி தொடங்கியது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. வாய்க்கால், வயல், றோட்டு எல்லாம் ஒன்றாகத் தண்ணீர். ஆய்வுகூட யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு, கல்லின் வெடிப்புகள் வழியாக அது பள்ளத்துக் குப்பையை நனைத்து இறங்குவதை நினைத்தபடி இருந்தேன். மழையை வெறுக்கிற தீவாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கார்த்திகைக் கடைசியில் அக்காவின் அழைப்பு வந்தது. பழைய குரல்.

"தங்கச்சி, தண்ணி திரும்பி வந்திட்டுது! உப்பு ஒரு பொட்டும் இல்லை. முந்தியிலும் பாக்கத் திறம். அண்ணை சொன்னது சரி, கலக்கி இறைச்சது வீண்போகேல்லை."

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. நான் வந்து பிடிச்சுச் சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் குடிக்காதேங்கோ."

"ஓம், ஓம்."

அடுத்த நாளே போய்ப் பிடித்துவந்தேன். மழைநீர் உப்பைக் கீழே தள்ளிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஈயம் முந்தியதை விடக் கூடியிருந்தது. இறைப்பு அதைப் பள்ளத்திலிருந்து கிணற்றடிவரைக்கும் இழுத்துக் கொண்டுவந்து விட்டிருந்தது. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது நல்ல ஆய்வுக் கட்டுரை வரும்" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஆய்வுக்குக் கொடுத்த திட்டக் காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது என்றார்.

அக்காவைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. நேரே போனேன். படலையடியிலேயே கிணற்றடிச் சத்தம் கேட்டது. குடங்கள், சிரிப்பு, பிள்ளைகளை அதட்டுகிற அக்காவின் குரல். எல்லாரும் எனக்கு வழிவிட்டு, வாங்கோ மிஸ் என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். பவுசரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "தண்ணி இல்லாத ஊருக்கு அனுப்பட்டும், பாவங்கள்" என்றாள் ஒருத்தி. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டு முடிய ஒருத்தி வாளியை மறுபடி உள்ளே விட்டாள்.

அக்கா என்னை வீட்டுக்குள் கூட்டிப் போனார். உள்ளே கட்டிலில் மகள் இருந்தாள், பக்கத்தில் குழந்தை. வவுனியாப் பெரியாசுப்பத்திரியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்களாம். தண்ணீரில் உப்பு போய்விட்டது என்று கண்டதும் அக்கா போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டார். மகளிடம் நேரே சொன்னேன், ஈயம் என்றால் என்ன, சின்னப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று. அவள் படித்த பிள்ளை, கவனமாகக் கேட்டாள்.

"அம்மா சும்மா குடுக்கிறேல்லை அக்கா" என்றாள். "எனக்குப் பால் காணாது, மாப்பால்தான் கரைச்சுக் குடுக்கிறம். அதுக்கெண்டு அம்மா தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க வைச்சு, அரைவாசியா வத்தினாப் பிறகுதான் எடுக்கிறவ. நீங்கள் சொன்ன நாளில இருந்து அவவுக்கு அவ்வளவு பயம்."

கொதித்து வற்றுவது தண்ணீர் மட்டும்தான், ஈயம் அத்தனையும் பாத்திரத்திலேயே நிற்கும், வற்ற வற்ற அது தடிக்கும். இதையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. கொதிக்க வைத்த தண்ணீர் கூடாது என்று சொல்கிற ஒருத்தியை எப்படி நம்புவது? அவளுடைய இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேனோ தெரியாது.

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. அக்கா அதைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். கை பட்ட இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. அப்படி ஒரு வாசம். திரும்பி வரும்போது அக்காவின் கையில் பால்போத்தல் இருந்தது. புறங்கையில் ஒரு துளி விட்டுச் சூடு பார்த்தார்.

"கோவியாதையும் தங்கச்சி. நீர் எங்கட நன்மைக்குத்தான் சொல்லுறீர், எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் போத்தலை என் கையில் தந்தார். "இந்தாரும், நீரே பருக்கும்."

நான் பருக்கவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். என் பையில் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. இதில் வேறு பால் கரையுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பச்சைப் பிள்ளைக்கோ? எந்தக் காலத்தில அடைச்சதோ" என்று சொல்லி அதை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

குழந்தை வீரிட்டு அழுதது. முகமெல்லாம் சிவந்து, கைகளை உதறி, என் சட்டையில் முகத்தை உரசி வாயால் தேடியது. நான் பருக்கவில்லை. மகள் எழுந்து வந்து, முதலில் குழந்தையையும் பிறகு போத்தலையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். குழந்தை ஆசையாகக் குடித்தது. அழுகை நின்றுவிட்டது.